முடியாத தவணையும் கைமாறும் காரும்

கார் என்பது செல்வர் இல்லங்களில் மட்டுமே காணப்படும் பொருளாய் இருந்த காலத்தை மூத்தோர் பலர் இன்னும் மறந்திரார். அம்பாசிடருக்கும் பத்மினிக்கும் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர் மக்கள். 1983 டிசம்பரில் மாருதி 800 வெளிவந்த பின்னரே நிலைமை மெல்ல மாறிற்று. இன்றோ கடலூர் மஞ்சக்குப்பத்திலும் சிதம்பரத்துத் தேர் வீதிகளிலும் ஆசிரியர் வீட்டு வாசலில் கார் நிற்கிறது. நெய்வேலியில் பணிபுரியும் தொழிலாளர் வீட்டிலும் நிற்கிறது. முதிய பெற்றோரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும், செப்டம்பரில் குடும்பத்துடன் வேளாங்கண்ணி சென்று வரவும் அது உதவுகிறது. இதில் குறை காண்பதற்கு ஒன்றுமில்லை.

புதிய கார் வாங்கும் வசதியற்றோர் பழைய காரை நாடுகின்றனர். அவருள்ளும் பலர் தரகரை நம்பாமல், தெரிந்தவரிடமே வாங்குதல் நலம் என எண்ணுகின்றனர். ஒரே பங்கைச் சேர்ந்தவர், உடன் பணியாற்றுபவர், மைத்துனரின் நண்பர் என்று இவ்வாறு ஒருவர் கிடைக்கிறார். காரும் நன்றாயிருக்கிறது, விலையும் ஒத்து வருகிறது. இறுதியில்தான் அவர் சொல்வார்: “வண்டி மேல் இன்னும் பதினெட்டு டியூ பாக்கி இருக்கிறது. கையில் இவ்வளவு கொடுத்துவிடுங்கள். மீதியை மாதாமாதம் நீங்களே கட்டிக்கொள்ளுங்கள். முடிந்ததும் பேர் மாற்றிக் கொடுத்துவிடுகிறேன்.”

கேட்பதற்கு இருவருக்கும் இனிமையான ஏற்பாடு இது. விற்பவருக்குத் தவணைச் சுமை நீங்குகிறது. வாங்குபவருக்கு வங்கியை அணுகாமலே கடன் கிடைத்தாற்போல் ஆகிறது. நம் ஊர்ப் பக்கம் இவ்வாறு கைமாறும் கார்கள் பல. ஆனால் இந்த ஏற்பாட்டில் விற்றவர் விற்றவராவதில்லை, வாங்கியவரும் வாங்கியவராவதில்லை. எவ்வாறு என்பதைச் சற்று விரிவாகவே காண்போம்.

கார் யாருடையது?

தவணை முறையில் வண்டி வாங்கும் வழக்கம் தமிழ்நாட்டில் வேரூன்றியதற்கு லாரித் தொழிலே முதற்காரணம். சென்னையில் டி. எஸ். சந்தானம் அவர்கள் 1954-இல் தொடங்கிய சுந்தரம் ஃபைனான்ஸ் போன்ற நிறுவனங்கள், கைப்பணமில்லாத ஓட்டுநரையும் வண்டி உரிமையாளராக்கின. அன்றைய முறை ‘ஹயர் பர்ச்சேஸ்’ எனப்பட்டது. ஆர்.சி. புத்தகத்தில் இன்றும் நாம் ‘எச்.பி.’ என்று வழங்குவது அதன் எச்சமே. அம்முறையில் வண்டிக்கு உரிமையாளர் நிதி நிறுவனம். ஓட்டுபவர் வாடகைக்குப் பெற்றவர். கடைசித் தவணையும் கட்டி முடித்த பின்னரே வண்டி அவருடையதாகும். இதனை ஒழுங்குபடுத்த 1972-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றிற்று. விந்தை என்னவெனில், அது ஒரு நாளும் நடைமுறைக்கு வராமலே 2005-இல் நீக்கப்பட்டது.

வாடகைக்குப் பெற்ற பொருளை ஒருவர் பிறருக்குக் கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? இங்கிலாந்தில் 1895-இல் பிரபுக்கள் சபை இதற்கு விடை கூறிற்று. ஒருவர் மாதம் பத்தரை ஷில்லிங் வீதம் 36 மாதத் தவணையில் ஒரு பியானோவைப் பெற்றார். தவணை முடியுமுன் அதனை அடகுக் கடையில் வைத்துவிட்டார். அடகு பிடித்தவர் நல்லெண்ணத்துடன்தான் பணம் கொடுத்தார். எனினும் பியானோ அதனைத் தவணைக்குக் கொடுத்த வணிகருக்கே உரியது எனத் தீர்ப்பாயிற்று. தமக்கு இல்லாத உரிமையை ஒருவர் பிறருக்குக் கொடுக்க இயலாது என்பதே நமது 1930-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் அடிப்படை விதியும் ஆகும்.

பிற்காலத்தில் இங்கிலாந்து சற்று இரங்கிற்று. தவணை பாக்கியுள்ளது என்பதை அறியாமல் நல்லெண்ணத்துடன் கார் வாங்கிய தனி மனிதருக்கு அந்தக் கார் சொந்தமாகும் என 1964-இல் சட்டம் செய்தனர். நம் நாட்டில் அத்தகைய அடைக்கலம் இல்லை. ஆனால் அதனினும் எளிய ஒன்று நம்மிடம் உண்டு. கடன் கொடுத்தவரின் பெயர் ஆர்.சி.யிலேயே எழுதப்பட்டிருக்கிறது, படிக்கத் தெரிந்த எவரும் அதனைக் காணலாம். ‘தெரியாமல் வாங்கிவிட்டோம்’ என்று சொல்லும் வாய்ப்பு ஆகவே மிகக் குறைவு.

இக்காலக் கார்க் கடன்கள் பெரும்பாலும் ஹயர் பர்ச்சேஸ் அல்ல. ‘ஹைப்பாதிகேஷன்’ எனும் ஈட்டுக்கடன். இதில் கார் கடன் வாங்கியவருடையதுதான். ஆனால் அதன் மீது வங்கிக்குப் பற்றுரிமை உண்டு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 51-ஆம் பிரிவு இரண்டு வகையையும் ஒன்றாகவே வைத்துப் பேசுகிறது. ஆர்.சி.யில் பெயர் பதிவான நிதி நிறுவனம் எழுத்து மூலம் இசைவு தந்தாலொழிய, உரிமை மாற்றத்தை அதிகாரி பதிவு செய்தல் கூடாது என்பது அதன் தெளிவான கட்டளை. ஆகவே, விற்பவர் எழுதித் தரும் வெள்ளைத்தாள் ஒப்பந்தமும், கையொப்பமிட்டு நிரப்பாமல் தரும் படிவங்களும் அந்த இசைவின்றி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் செல்லா. முத்திரைத்தாளில் எழுதி நோட்டரியின் கையொப்பம் பெற்றாலும் நிலை இதுவே.

இரு குடும்பங்களின் இடர்

வாங்கியவரின் நிலையை முதலில் நோக்குவோம். அவர் மாதந்தோறும் தவணைப் பணத்தை விற்றவரின் கையில் கொடுக்கிறார் எனக் கொள்வோம். விற்றவருக்கு மகளின் கல்லூரிக் கட்டணம் வந்துவிடுகிறது. இரண்டு மாதம் வங்கிக்குப் பணம் போகவில்லை. வங்கியின் ஆட்கள் வண்டி நிற்குமிடத்திற்கு வந்து விடுகின்றனர். தாம் தவறாமல் பணம் கொடுத்ததை வாங்கியவர் யாரிடம் சொல்வார்? வங்கிக்கு அவர் யாரென்றே தெரியாது. ஹயர் பர்ச்சேஸ் வண்டியைப் பொறுத்தவரை, தவணை தவறினால் நிதி நிறுவனம் எடுத்துக்கொள்வது குற்றமாகாது என உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் மீண்டும் உறுதி செய்துள்ளது. அடியாட்களை ஏவி வண்டியைப் பறிப்பதை அதே நீதிமன்றம் 2007-இல் ஒரு வங்கி வழக்கில் வன்மையாகக் கண்டித்திருப்பது உண்மையே. எனினும் நம் கையிலிருந்து போன காருக்கு அக்கண்டனம் ஈடாகாது.

காப்பீட்டையும் கருத வேண்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலையடுத்துத் தென்பெண்ணை பெருக்கெடுத்துக் கடலூரின் தாழ்ந்த பகுதிகளில் வெள்ளம் புகுந்ததை நாம் அறிவோம். அத்தகைய வெள்ளத்தில் இவ்வாறு வாங்கிய கார் மூழ்கிற்று எனக் கொள்வோம். பாலிசி விற்றவர் பெயரில் இருக்கிறது. அதில் வங்கியின் பெயரும் எழுதப்பட்டிருக்கிறது. சொந்தச் சேதத்திற்கான காப்பீடு, வாகனம் கைமாறுவதால் மட்டும் தானாக வாங்கியவருக்கு மாறிவிடாது என்று உச்ச நீதிமன்றம் முன்பே கூறியிருக்கிறது. விற்றவரோ ‘விற்றுவிட்டேன்’ என்கிறார். பணம் கிடைத்தாலும் அது முதலில் வங்கியின் கடனுக்கே போகும். வாங்கியவர் வெறுங்கையுடன் நிற்பார்.

விற்றவரின் நிலை இதனினும் கடுமையானது. இதைத்தான் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. வட இந்தியாவில் ஒரு சிற்றூரில் 2009 மே மாதம் பின்னோக்கி ஓட்டப்பட்ட ஒரு கார் இருவர் மீது மோதிற்று; ஒருவர் உயிரிழந்தார். அக்காரின் முதல் உரிமையாளர் அதனை 2007-லேயே விற்றுவிட்டார். வாங்கியவர் மற்றொருவருக்கு விற்றார். அவரும் பிறிதொருவருக்கு விற்றார். எவரும் ஆர்.சி.யில் பெயர் மாற்றவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர். இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018 பிப்ரவரி 6 அன்று தீர்ப்பாயிற்று. விபத்தில் இறந்தவரின் குடும்பம் உரிமையாளரைத் தேடி வீடு வீடாக அலைதல் ஆகாது என்பதே அதன் கருத்து. நியாயமான கருத்துதான். ஆனால் காரை விற்று ஈராண்டு கழிந்த அந்த மனிதரின் திகைப்பை நாம் உணர முடிகிறது.

தவணை பாக்கியுடன் விற்றவருக்குப் பெயரை மாற்றும் வழியே இல்லை என்பதை இங்கு நினைவிற் கொள்ள வேண்டும். வாங்கியவர் வேகமாக ஓட்டினால் அபராதச் சீட்டு இவருடைய கைபேசிக்கு வரும். அவர் தவணை தவறினால் இவருடைய கடன் மதிப்பெண் சரியும். நாளை மகனுக்குக் கல்விக் கடன் கேட்டு வங்கிக்குச் சென்றால் அங்கே அது தலைகாட்டும். அந்தக் காரில் எவரேனும் தகாத பொருள் கடத்தினால் காவலர் முதலில் தட்டுவது இவர் வீட்டுக் கதவைத்தான். மேலும், ஈடு வைத்த பொருளை வங்கிக்குத் தெரியாமல் விற்பது கடன் ஒப்பந்தத்தை மீறுவதாகும். நம்பிக்கை மோசடி எனப் புகார் எழவும் இடமுண்டு. ஏழாம் கட்டளையைப் பற்றிச் சிறார்க்கு மறைக்கல்வி கற்பிக்கும்போது இதனை நாம் சொல்வதில்லை. ஆனால் கடன் கொடுத்தவரின் பங்கையும் சேர்த்து விற்பது அக்கட்டளையின் எல்லைக்குள்தான் வருகிறது.

நேரான வழி

தவணை பாக்கியுள்ள காரை வாங்கவே கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. குடும்பக் கஷ்டத்தால் நல்ல காரை விற்க நேர்ந்தவரிடம் நியாய விலைக்கு வாங்குவது இருவர்க்கும் உதவியே. பணம் போகும் பாதை மட்டும் மாற வேண்டும்.

முன்பணம் கொடுக்குமுன், மத்திய அரசின் ‘எம்பரிவாகன்’ செயலியிலோ பரிவாகன் தளத்திலோ வண்டி எண்ணைப் பதிந்து பார்க்கலாம். கடன் பதிவாகியிருந்தால் அது தெரியவரும். டி.என். 31 என்றாலும் டி.என். 91 என்றாலும் தேடும் முறை ஒன்றே. அதன்பின் விற்பவருடன் வங்கிக்கோ நிதி நிறுவனத்திற்கோ சென்று, இன்ன தேதிக்குள் கட்டினால் கடன் முழுதும் தீர இவ்வளவு என்று எழுத்தில் கேட்க வேண்டும். மீதித் தவணைகளைக் கூட்டிப் பார்த்த தொகையும் இதுவும் ஒன்றாயிரா. இனிவரும் மாதங்களின் வட்டி குறையும். முன்கூட்டி அடைக்கும் கட்டணமும், தவறிய தவணைகளின் அபராதமும் கூடலாம். விற்பவர் வாய்மொழியாகச் சொல்லும் தொகையை மட்டும் நம்பி விலை பேசுதல் ஆகாது.

எடுத்துக்காட்டாக, பேசிய விலை 4,20,000 ரூபாய். வங்கி எழுத்தில் தந்த தொகை 1,75,000 ரூபாய் என வைத்துக்கொள்வோம். இந்த 1,75,000-ஐ வாங்குபவர் விற்பவரின் கையில் கொடாமல், நேரே அந்தக் கடன் கணக்கிலேயே கட்டி இரசீது பெற வேண்டும். எஞ்சிய 2,45,000-இல் ஒரு பகுதியைக் கார் கைமாறும்போது கொடுக்கலாம். 50,000 போல ஒரு தொகையைப் பெயர் மாறி வரும் வரை நிறுத்தி வைப்பது தவறன்று. இதனை முன்கூட்டியே பேசி எழுதிக்கொண்டால் எவர் மனமும் வருந்தாது. காரை ஒப்படைத்த நாளையும் மணியையும் குறித்து இருவரும் கையொப்பமிடுவது நன்று. அன்று மாலையே விபத்து நேர்ந்தால் அந்த ஒரு வரி உதவும்.

கடன் தீர்ந்ததும் நிதி நிறுவனம் தடையில்லாச் சான்றும், 35-ஆம் எண் படிவமும் தர வேண்டும். அப்படிவத்தில் நிறுவனமும் பதிவு பெற்ற உரிமையாளரும் கையொப்பமிடுவர். அதனைக் கொண்டுதான் எச்.பி. பதிவு நீக்கப்படும். இச்சான்று பெரும்பாலும் மூன்று மாதத்திற்குள் பயன்படுத்தத் தக்கது. அலமாரியில் வைத்து மறந்துவிட்டால் மீண்டும் அலைய நேரிடும். அதே நிறுவனத்தில் விற்பவர்க்கு வேறொரு கடன் நிலுவையிலிருந்தால் அதைக் காட்டிச் சான்றைத் தராமல் நிறுத்துவதும் உண்டு. ஆகவே பணம் கட்டுமுன் அதனையும் கேட்டுத் தெளிவது அறிவுடைமை. தனிநபர் கடன் தீர்ந்த 30 நாட்களுக்குள் அசையும், அசையாச் சொத்துகளின் மூல ஆவணங்களைத் திருப்பித் தந்து, பதிவான பற்றுரிமையையும் நீக்க வேண்டும்; தம் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பரில் உத்தரவிட்டது. அது அவ்வாண்டு டிசம்பர் முதல் நடைமுறையிலுள்ளது. கிளை மேலாளரிடம் பணிவுடன் இதனை நினைவூட்டலாம்.

பெயர் மாற்றத்திற்கு 29, 30 ஆகிய படிவங்கள். விற்றவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனத்திற்கும் 14 நாட்களுக்குள் எழுத வேண்டும்.

முழுத் தொகையும் கையில் இல்லாதவர் என்ன செய்வது? பழைய காருக்கும் வங்கிகள் கடன் தருகின்றன. வாங்குபவர் தம் பெயரில் கடன் பெற்று, அதிலிருந்து பழைய கடனை அடைக்கச் செய்யலாம். நிறுவனம் இசைந்தால் பழைய கடனையே தம் பெயருக்கு மாற்றிக்கொள்ளவும் கூடும். வட்டி சற்றுக் கூடுதலாயிருப்பினும், கட்டும் ஒவ்வொரு ரூபாயும் தம் பெயரில் வரவாகும்.

கடலூர்க்காரருக்கு ஒரு தனிக் குறிப்பு. புதுச்சேரி அருகிலிருப்பதால் பி.ஒய். எண்ணுள்ள கார்கள் இங்கு விலைக்கு வருகின்றன. அவற்றுக்கு அங்குள்ள அலுவலகத்தின் தடையில்லாச் சான்றும், இங்கு புதுப் பதிவும், தமிழ்நாட்டு வரியும் வேண்டியிருக்கும். கடன் நிலுவையிலிருந்தால் புதிய எண் பெறுவதற்கும் நிதி நிறுவனத்தின் இசைவு தேவை. வரியைச் சேர்த்துக் கணக்கிட்டால் மலிவு என்று எண்ணிய கார் மலிவாயிராது.

மற்றொரு கண்ணி, பதிவேட்டில் தெரியாத கடன். சிற்றூர்களில் சிலர் ஆர்.சி. புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு வட்டிக்குப் பணம் தருகின்றனர். எச்.பி. பதிவு ஏதும் இராது. செயலியில் பார்த்தால் வண்டி தூய்மையாகவே தோன்றும். ஆனால் மூல ஆவணம் விற்பவரிடம் இராது. ‘வீட்டில் எங்கோ இருக்கிறது’, ‘தொலைந்துவிட்டது’ என்பார். மூல ஆர்.சி.யைக் கண்ணால் காணாமல் முன்பணம் கொடாதிருத்தல் நலம்.

கணவர் இறந்தபின், அவர் பெயரிலுள்ள காரைத் தவணை கட்ட இயலாமல் விற்க முற்படும் சகோதரிகளும் உளர். அவர்கள் முதலில் அக்கடனோடு ஆயுள் காப்பீடு எடுக்கப்பட்டிருக்கிறதா என்று வங்கியில் கேட்க வேண்டும். இருப்பின் பாக்கி அதிலேயே தீர்ந்துவிடக்கூடும். விற்பதற்குமுன் வாரிசு என்ற முறையில் 31-ஆம் படிவத்தின் வழியே கார் அவர்கள் பெயருக்கு வர வேண்டும். இரக்கத்தோடு பேசி அவசரமாக வண்டியை ஓட்டிச் செல்பவரிடம் அவர்கள் எச்சரிக்கையாய் இருத்தல் வேண்டும்.

உற்றாரிடம் எழுத்து கேட்பதா?

‘நம் பங்கு ஆள், நாளும் முகம் பார்ப்பவர், அவரிடம் இரசீது கேட்டால் சந்தேகப்படுவதாக நினைக்க மாட்டாரா?’ என்று தயங்குவோர் நம்மிடையே மிகுதி. அவர்கள் எரேமியா நூலின் 32-ஆம் அதிகாரத்தை எடுத்துப் படிக்க வேண்டுகிறோம். எருசலேம் பகைவரால் முற்றுகையிடப்பட்டிருந்தது. இறைவாக்கினரோ காவலில் இருந்தார். அந்நிலையில் தம் தந்தைவழி உறவினரிடம் அவர் ஒரு நிலம் வாங்கினார். விலை 17 செக்கேல் வெள்ளி. சொந்த உறவினர்தானே என்று அவர் விட்டுவிடவில்லை. வெள்ளியை நிறுத்துக் கொடுத்தார், பத்திரம் எழுதிக் கையொப்பமிட்டார், சாட்சிகளை வைத்தார், முத்திரையிட்ட படி ஒன்று, திறந்த படி ஒன்று என இரண்டையும் மண்பாண்டத்தில் பத்திரப்படுத்தும்படி பாரூக்கிடம் ஒப்படைத்தார். நாடே கைவிட்டுப் போகும் வேளையில் ஒருவர் பத்திரத்தில் இத்தனை கவனம் செலுத்தியதை விவிலியம் வரிக்கு வரி எழுதி வைத்திருக்கிறது. எழுதிக் கொள்வது அன்புக்குக் குறைவு என அவர் எண்ணியதாகத் தெரியவில்லை.

ஏற்கெனவே இத்தகைய ஏற்பாட்டில் அகப்பட்டிருப்போர் என் செய்வது? ஒருவரையொருவர் குறை கூறுமுன், இருவரும் சேர்ந்து நிதி நிறுவனத்திற்குச் செல்வதே முதல் வேலை. கடனைத் தீர்க்கும் தொகையை எழுத்தில் பெற்று, அடைக்கவோ மாற்றவோ வழி கேட்க வேண்டும். அதுவரை தவணையை விற்றவர் கையில் கொடாமல், கடன் கணக்கிலேயே வங்கி வழியாகக் கட்டி, ஒவ்வொரு இரசீதையும் காக்க வேண்டும். காப்பீடு ஒரு நாளும் காலாவதியாகக் கூடாது. வசூலுக்கு ஆட்கள் வந்தால் அஞ்ச வேண்டியதில்லை. காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் கடன் பாக்கிக்காக அழைத்தல் ஆகாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் கட்டளையிட்டிருக்கிறது. அடையாள அட்டையும் நிறுவனத்தின் அதிகாரக் கடிதமும் காட்டும்படி கேட்கலாம்.

விற்றவர் முகம் காட்ட மறுத்தாலோ, வாங்கியவர் காருடன் ஊரை விட்டே போய்விட்டாலோ, வழக்கறிஞரை அணுகப் பணமில்லையே என்று வாளாவிருத்தல் வேண்டா. கடலூரில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவும் சிதம்பரத்தில் வட்டச் சட்டப்பணிகள் குழுவும் உள்ளன. பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர்க்கும் வருமானம் பாராமலும், ஏனையோர்க்கு வருமான வரம்புக்கு உட்பட்டும் அங்கு இலவச உதவி கிடைக்கும். தொலைபேசியில் கேட்க விரும்புவோர் 15100 என்ற எண்ணை அழைக்கலாம். செல்லும்போது ஆர்.சி. நகல், கடன் கணக்கு அறிக்கை, கட்டிய தவணைகளின் இரசீதுகள், இருவருக்கிடையே எழுதிய தாள் ஆகிய அனைத்தையும் கையோடு கொண்டு செல்லவும்.